தலைவர் திறந்துவைத்த கோழிக்கூண்டு விளக்கு

ஊராட்சித் தலைவர் சிங்காரவேலர், சந்தையில் தாமே பொறுக்கி வாங்கிய பன்னிரண்டு குஞ்சுகளும் பெட்டைகள் என்றே நம்பினார். நாற்றத்துக்கு அஞ்சி, ஊருக்கு வெளியே தோட்டத்தில் இருந்த கோழிக்கூண்டின் பக்கம் அவர் ஒருநாளும் போனதில்லை. அவை வளர்ந்தபின், "அத்தனையும் சேவலுங்க" என்று சொன்ன வேலைக்காரி மாராக்காளை, "எனக்கே பாடமா?" என்று அதட்டினார்.

வெளிச்சம் கூடினால் முட்டை பெருகும் என்று நாளிதழில் படித்தவர், பேட்டரி விளக்கொன்றை அவளிடம் கொடுத்தார்.

"இதைக் கூண்டில் மாட்டு. பத்து நாளில் முட்டை வராவிட்டால் உனக்கு இங்கே வேலையில்லை."

"மாட்டீர்றனுங்க. ஆனா, சுவிட்சை உங்க ராசியான கையாலதான் போடோணும். ஊர்ப் பெரியவங்களையும் கூப்பிட்டுருங்க."

தலைவர் மகிழ்ந்தார். மறுநாள் விடியுமுன், மாலையணிந்து வந்து, ஊரார் முன்னிலையில் சுவிட்சை அழுத்தினார். விளக்கு பளீரென்று எரிந்தது. பொழுது விடிந்ததென்று எண்ணிய பன்னிரண்டும் கழுத்தை நீட்டிக் கூவின.

கூட்டம் சிரித்தது. "என்ன இது?" என்றார் தலைவர்.

"வெளிச்சத்துக்குக் கொறையில்லீங்க. முட்டைக்கு இன்னும் ஒம்பது நாள் கெடு இருக்குதுங்களே. நீங்களே இந்தச் சேவலுங்களைக் கேட்டுப் பாருங்க" என்றாள் மாராக்காள்.

அடுத்த சந்தையில் கோழி பொறுக்கியவள் மாராக்காள். தலைவர் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.