தோட்டாவைக் கடித்த பிரதமர்

அடுத்த மாதம் மேகலா வேறு பதிப்புக்கு மாற்றலாகிறார். நாளிதழின் உலகச் செய்திப் பிரிவில் தன் நாற்காலியில் உட்காரப்போவது யார் என்று அன்று மாலைக்குள் ஆசிரியருக்குச் சொல்லியாக வேண்டும்.

இன்னாசிமுத்து மேகலாவைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் மாணவர்தான். பிழை திருத்திக்கொண்டிருந்தவருக்கு மொழிபெயர்க்கக் கற்றுக்கொடுத்தவர் மேகலா. அன்றிலிருந்து ஆங்கிலச் சொற்றொடர்களையும் அவற்றின் அர்த்தத்தையும் இன்னாசிமுத்து ஒரு நோட்டில் எழுதி வந்தார். இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது.

நசீமா வேலைக்கு வந்து எட்டு மாதம்தான். அந்த வாரம் மூன்று நாள் முதல் பக்கச் செய்தி அவளுக்குப் போனது. மூன்று நாளும் இன்னாசிமுத்துவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காம் நாளான அன்று காலை, மேகலா இருவருக்கும் ஒரே செய்தியைக் கொடுத்தார். மதியம் இன்னாசிமுத்து அவர் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"யார் பேரைக் கொடுக்கப்போறீங்க மேடம்?"

"இன்னும் முடிவு பண்ணலை சார்."

"'பைட் த புல்லட்'டுக்கு அர்த்தம் தெரியாம காலையில என்கிட்ட வந்து நின்னா அந்தப் பொண்ணு."

"சொன்னீங்களா?"

"டிக்‌ஷனரியைப் பாருன்னேன்."

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. மொழிபெயர்த்ததைப் பக்கம் வடிவமைக்கும் பிச்சையாவிடம் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. புரியாத இடத்தில் கையைத் தூக்குவார்.

"இன்னைக்கு அவளை ஒன்பது தடவை நிறுத்தினார். எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். என்னை மூணு வருஷமா ஒரு தடவைகூட நிறுத்தினதில்லை. அதை யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்." மேகலா எழுந்தார். "உங்க மொழிபெயர்ப்பை எடுத்துட்டு வாங்க."

பிச்சையா கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி உட்கார்ந்தார். இன்னாசிமுத்து கணீரென்று படித்தார்.

"எதிர்ப்பு வலுத்த நிலையிலும் பிரதமர் தோட்டாவைக் கடித்தார். எரிபொருள் மானியம் நிறுத்தப்பட்டது."

பிச்சையாவின் கை மடியிலேயே கிடந்தது. இன்னாசிமுத்து மேகலாவைப் பார்த்தார்.

"பிச்சையாண்ணே, பிரதமர் என்ன செஞ்சார்?" என்றார் மேகலா.

"தோட்டாவைக் கடிச்சார் மேடம்."

"எதுக்கு?"

"அந்த ஊர் சாங்கியமா இருக்கும்."

"புரியலைன்னா ஏண்ணே கையைத் தூக்கலை?"

"சார் வந்த புதுசுல ஒரு தடவை தூக்கினேன். 'உமக்கு இங்கிலீஷ் தெரியுமாய்யா'ன்னு கேட்டார். அதுலேர்ந்து சார் படிச்சா எனக்குத் தோள்வலி வந்துரும்."

"கஷ்டமான முடிவைத் துணிஞ்சு எடுக்கிறதுய்யா அது!" இன்னாசிமுத்துவின் குரல் உயர்ந்தது. "இங்கிலீஷோட ருசி போயிடக் கூடாதுன்னு அப்படியே வெச்சேன்."

"அட, பல்லைக் கடிச்சுக்கிட்டு நிறுத்தினார்னா முடிஞ்சுது சார். நசீமா பாப்பா அப்படித்தான் எழுதியிருக்கு."

"அர்த்தமே தெரியாதவளுக்கு அது எங்கேர்ந்து வந்துச்சாம்?"

"டிக்‌ஷனரியைப் பார்த்து என்னமோ எழுதிட்டு வந்துச்சு. புரியலைன்னேன். பக்கத்துல உட்கார்ந்து பேசுச்சு. பேசப் பேச வந்துருச்சு."

மேகலா தன் இடத்துக்குத் திரும்பி, ஒரு தாளில் பெயரை எழுதினார். எதிரில் நின்ற இன்னாசிமுத்து அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார்.

"அவளுக்குத் தெரியாதது ஆயிரம் எனக்குத் தெரியும் மேடம்."

"தெரியும் சார். இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்." மேகலா தாளை மடித்தார். "நீங்க எங்க எல்லாருக்கும் புரியவெச்சது அது ஒண்ணுதான்."