புழங்காத கத்தி

கேட்போர் முதலில் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். விலையுயர்ந்த மடக்குக்கத்திகளைச் சேகரிப்போர் அவற்றால் எதையும் அறுப்பதில்லை. ஒரு நூலை அறுத்தாலும் அது புழங்கிய கத்தியாகிவிடும். பிறகு அவர்களுள் எவரும் அதைத் திரும்பியும் பாரார்.

தீர்த்தகிரியார் அப்படிச் சேகரித்தவர். ஐம்பது வயதுக்கு மேல் அனைத்தையும் துறந்து, ஆற்றங்கரை மடத்தில், தம்மைவிட இளையவரான நீலாயதாட்சி அம்மையாரிடம் சீடராகச் சேர்ந்தார். முத்துச்சிப்பிப் பிடியிட்ட ஒரு கத்தியை மட்டும் விட மனம் வரவில்லை. அம்மையார் தடுக்கவில்லை; இடுப்பிலேயே இருக்கட்டும் என்றார். மடத்துப் படகோட்டி சடையப்பன் அதைக் காணும்போதெல்லாம், "சாமி, இதுக்கு வெள்ளோட்டம் எப்போ?" என்று சீண்டுவான்.

ஐப்பசி வெள்ளத்தில் படகு கவிழ்ந்தது. படகைக் கட்டியிருந்த வடம் சடையப்பனின் காலைச் சுற்றி, அவனை நீருக்கடியில் பிடித்துக்கொண்டது. கரையில் வடத்தருகே நின்றவர் தீர்த்தகிரியார் ஒருவரே. கை இடுப்புக்குப் போயிற்று, கத்தியைத் தொட்டது, மீண்டது. அரிவாள் எடுத்துவர மடைப்பள்ளிக்கு ஓடினார். அவர் திரும்பியபோது வடம் துடிப்பது நின்றிருந்தது.

சடையப்பனின் ஈமக்காரியங்கள் முடிந்தபின் தீர்த்தகிரியார் அம்மையாரிடம் வந்தார். அது கண்ணாடிப் பேழைக்கென்று செய்த கத்தி என்றும், நனைந்த வடத்தில் பட்டால் அலகு தாங்காது என்றும், தாம் ஓடியதே முறை என்றும் நெடுநேரம் சொன்னார். பிறகு கேட்டார்:

"முறிந்துதானே போயிருக்கும், தாயே?"

அம்மையார் எழுந்துபோய், அதே வடத்தை ஆற்றில் நனைத்து எடுத்துவந்து அவர்முன் இட்டார்.

"அறுத்துப் பாரும்."

ஒரே இழுப்பு. வடம் இரண்டாயிற்று. அலகை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பிசிறும் இல்லை.

"இன்னும் அறுத்துப் பாரும்."

மாலைவரை அறுத்தார். வடம் சாண் சாணாகக் குவிந்தது. கை சோர்ந்தது, கத்தி சோரவில்லை.

"ஒரு முறையாவது முறியக் கூடாதா, தாயே?"

"நல்ல கத்தி," என்றார் அம்மையார். "முறியாது."

பின்னர் உறுதியானவை இவை: சடையப்பனின் மனைவி மடத்துச் சோற்றை ஏற்கவில்லை. படகுக்கு வேறு ஆள் அமையவில்லை. அக்கரைக்குப் போவோர் பாலத்தைச் சுற்றிப் போகின்றனர். தீர்த்தகிரியார் மடைப்பள்ளியில் அக்கத்தியால் நாள்தோறும் காய் நறுக்குகிறார். பிடியின் சிப்பி உதிர்ந்துவிட்டது. அலகைச் சாணைக்கு அனுப்பும் தேவை இன்றுவரை வரவில்லை.