சாம்பிள் போன சாம்பார் வாளி

தாம்பரம் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பிளஸ் ஒன் படிக்கும் மெர்லின் வீட்டிலேயே போட்டு விற்கும் பூண்டுத் தொக்குக்கு அந்தக் கட்டடமே அடிமை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் கோதண்டம் மட்டும் தொண்டையைக் கனைத்தார்.

"ஃபிளாட்டுல வியாபாரமா? ரூல்ஸ்னா ரூல்ஸ்! தினம் என் வீட்டுக்கு சாம்பிள் வரணும், நான் பரிசோதிப்பேன். ஒரு நாள் வரலைன்னாலும் உன் அடுப்பு அணைஞ்சுடும்!"

தினம் ஒரு பெரிய டப்பா தொக்கு போனது. பரிசோதனை இட்லியோடும் நடந்தது, தோசையோடும் நடந்தது. விற்க மிச்சமில்லாமல் மெர்லின் திருதிருவென விழித்தாள். ஆனால் டப்பா மட்டும் காலியாகத் திரும்பியதே இல்லை. அடியில் கொஞ்சம் சர்க்கரை இருக்கும்.

"வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதும்மா" என்பார் கோதண்டத்தின் மனைவி வசந்தா.

மெர்லினின் கண் பளிச்சிட்டது.

மறுநாள் சாம்பிள் சாம்பார் வாளியில் போனது. உள்ளே ஒரே ஒரு ஸ்பூன் தொக்கு! வசந்தா திகைத்துப் போனார். இத்தனை பெரிய வாளியில் ஒரு பிடி சர்க்கரை போட்டால் மாடி முழுக்கச் சிரிக்காதா? வாளி நிறையத் துவரம்பருப்பு வந்தது. அடுத்த நாள் குடம் போனது. குடம் நிறைய அரிசி வந்தது.

கோதண்டம் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்னம்மா இது? எங்க வீட்டுல உலை வைக்க அரிசி இல்லை!"

"எவ்வளவு சாம்பிள், எதுல அனுப்பணும்னு நீங்க ரூல்ஸ் போடலையே அங்கிள்?"

"உன் சாம்பிளே வேண்டாம் தாயே! தாராளமா வியாபாரம் பண்ணு!"

மெர்லின் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "அச்சச்சோ! நாளைக்குன்னு கல்யாண அண்டாவை வாடகைக்குச் சொல்லிட்டேனே அங்கிள்!"