பந்தியை விட்டு எழுந்த அரசர்

ஐந்து நாடுகள் ஒன்றியமாகக் கூடி வாழ்ந்த காலத்தில், ஆலங்கரை அரசர் மட்டும் விலகப்போவதாக அறிவித்தார். நாடு இரண்டுபட்டது. அரண்மனையில் பரிமாறும் பொன்னாத்தாளின் மகளோ அக்கரை நாட்டில் நிறைமாதக் கர்ப்பிணி. "ஒன்றியத்தை விட்டு விலகிப் படகுத்துறையை மூடிவிட்டால் அவளை எப்படி அழைத்து வருவேன்?" என்று பொன்னாத்தாள் முணுமுணுத்தது, பந்தியில் இருந்த அரசரின் காதில் விழுந்தது.

"வாயாடி! விலகிய பிறகும் ஒன்றியத்தின் உப்பும் படகும் நமக்கு வரவேண்டும். அதற்கு வழி சொல். இல்லையேல் வேலையை விட்டுப் போ!"

"சொல்கிறேன், மகாராஜா. தாங்கள் சற்றே எழுந்து நிற்கவேண்டும்."

அரசர் எழுந்தார். அவள் உடனே அவருடைய இலையை மடித்து எடுத்துவிட்டாள். அப்போது வந்த பாயசம், அவரைத் தாண்டி அமைச்சரிடம் போயிற்று.

"அடியே, என் பாயசம் எங்கே?"

"எழுந்தவரின் இலையை எடுத்துவிடுவது நம் வழக்கமாயிற்றே! எழுந்த பிறகும் பரிமாறும் பந்தி எங்கேனும் உண்டானால் சொல்லுங்கள், மகாராஜா. ஒன்றியத்திடமும் அப்படியே கேட்டுப் பார்ப்போம்."

அமைச்சருக்குப் புரையேறியது. அரசர் நின்றபடியே, விலகல் இல்லை, துறை திறந்தே இருக்கும் என்று அறிவித்துவிட்டு, "சரி, எனக்கு ஓர் இலை போடு" என்றார்.

"அடுத்த பந்தியில் போடுகிறேன், மகாராஜா. படகோட்டிகளுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது."