திருகுத் தழும்பு

மண்ணடியில் பழைய பாக்கெட் கடிகாரங்களுக்கு விலை சொல்கிறவர் ஜுலைகாம்மா. அவர் ஒரு விலை சொல்லிவிட்டால் பம்பாய் ஏலக்காரர்கள்கூட மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அவரிடம் தொழில் கற்க வந்த கோதண்டபாணி வயதில் அவரைவிட மூத்தவர்; நகைக் கடையில் தங்கம் உரைத்துப் பார்த்தே தலை நரைத்தவர். அவர் "அம்மா" என்பார், அந்த அம்மா அவரை "அண்ணே" என்பார். குழப்பமெல்லாம் கேட்கிறவர்களுக்குத்தான்.

கோதண்டபாணிக்கு ஒரே ஆசை. தன் வாயால் ஒரு கடிகாரத்துக்கு விலை சொல்ல வேண்டும்.

"எனக்கு எப்போம்மா அந்தத் தகுதி வரும்?" என்று அன்று காலையும் கேட்டார்.

ஜுலைகாம்மா கையிலிருந்த கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தார். இயந்திரத்தில் பொறித்திருந்த தயாரிப்பாளர் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டினார்.

"பேரைக் கடைசியா படிங்க அண்ணே. முதல்ல படிச்சா கண்ணு அங்கயே உக்காந்துக்கும்."

"இதைத்தானே தினமும் சொல்றீங்க."

"நீங்களும் தினமும் கேக்கறீங்களே."

மனிதருக்குச் சுருக்கென்றது. இத்தனை வயதில் இன்னும் பாலர் வகுப்பா என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார்.

மதியம் சிவப்பிரகாசம் என்பவர் வந்தார். காஞ்சிபுரத்துக்காரர். கொள்ளுத்தாத்தாவின் தங்கக் கடிகாரத்தைப் பம்பாய் ஏலத்துக்கு அனுப்பப் போகிறாராம். வாசலில் கார் நின்றது, ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தார்.

ஜுலைகாம்மா மூடியைத் திறந்தார். உள்ளே பெரிய பெயர். இந்தத் தொழிலில் யாரும் எழுந்து நின்று கும்பிடும் பெயர். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. காதில் வைத்துக் கேட்டார், வெளித் தங்கக் கூட்டின் முத்திரையைப் பார்த்தார், விலையைச் சொன்னார். சிவப்பிரகாசத்துக்குத் தலைகால் புரியவில்லை.

துணியில் சுற்றுவதற்காகக் கடிகாரம் கோதண்டபாணி கைக்கு வந்தது. பழக்க தோஷம், லென்ஸைக் கண்ணில் வைத்தார். பெயரை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்த்தார்.

இயந்திரத்தைக் கூட்டோடு பிடித்து வைக்கும் திருகுகள், மெத்தென்ற தங்கத்தில் நாளடைவில் தழும்பு போட்டுவிடும். இங்கே திருகுக்கு அடியில் தழும்பு இருந்தது. திருகே இல்லாத இடத்திலும் இருந்தது.

சொன்னால் அம்மாவை வாடிக்கைக்காரர் முன் தலைகுனிய வைத்ததாகும். நாளைக்கு இந்தக் கடைப்படி ஏற முடியுமோ என்னவோ. சொல்லாவிட்டால் கற்றதற்கு அர்த்தமே இல்லை.

"அம்மா," என்றார். "இந்தக் கூட்டுல முன்னாடி வேற இயந்திரம் இருந்திருக்கு. ரெண்டும் ஜோடி இல்லை. நீங்க சொன்ன விலை வராது."

சிவப்பிரகாசம் துள்ளி எழுந்தார். "என்னங்க இது! உங்ககிட்ட படிக்கிறவர் உங்களையே திருத்துறாரு?"

ஜுலைகாம்மா கையை நீட்டினார். லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். காது மடல் சிவந்துபோயிற்று.

"தழும்பு இருக்கு," என்றார். "நான் பேரை முதல்ல படிச்சுட்டேன்."

கோதண்டபாணி தரையைப் பார்த்தபடி நின்றார். ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. தன் வாயையே நொந்துகொண்டார்.

சிவப்பிரகாசம் குரலைத் தணித்தார். "போகட்டும்மா. நமக்குள்ள இருக்கட்டும். நீங்க முதல்ல சொன்ன விலையையே எழுதிக் குடுத்துடுங்க. உங்க கையெழுத்தைப் பாத்தா அங்க எவனும் திறந்துகூட பாக்க மாட்டான்."

"அதனாலதான் எழுத முடியாது."

"அப்ப எனக்கு இங்க யாரு விலை சொல்றது?"

ஜுலைகாம்மா எழுந்தார். கடிகாரத்தை இரு கையாலும் எடுத்துக் கோதண்டபாணியின் முன்னால் வைத்தார். அம்மாவின் முகத்தில் இப்போது வெட்கத்தின் சாயலே இல்லை; பெற்ற பிள்ளை மேடையேறியதைப் பார்க்கிற தாயின் பெருமைதான் இருந்தது.

"விலை சொல்றவர் இவரு," என்றார். "நான் இவருக்குச் சொல்லிக் குடுத்தவ."