நடுங்கு உடம்பே நடுங்கு!

முன்னொரு காலத்திலே, ஆடு மாடெல்லாம் வாய் திறந்து பேசின காலத்திலே, வெயிலூர்னு ஒரு ஊர். அங்கே மருந்து இடிச்சு விக்கிற இலவங்கின்னு ஒரு கெட்டிக்காரி. அவ புருஷன் வாகையன், ஆடு மேய்க்கிறவன்.

ஒருநாள் காலையிலே அவனோட கிடா மட்டும் தனியா ஓடி வந்துச்சு.

"அம்மா, அம்மா! பனிமலை மந்திரவாதி கூதலன் நம்ம ஐயாவை உறைய வச்சுட்டான். பொழுது சாயறதுக்குள்ள உருக்கலேன்னா, அப்புறம் என்னைக்கும் அவர் பனிக்கட்டிதான்!"

இலவங்கி உட்கார்ந்து அழுதாளா? அழ ஏதுங்க நேரம்! சுக்கு, மிளகு, திப்பிலி இடிச்சு, நெய் விட்டு நாலு உருண்டை பிடிச்சு மடியில கட்டினா. கிடா முன்னே, அவ பின்னே, ஒரே ஓட்டம்!

மலையடியில வாடைக்காத்து. பல்லு கடகடன்னு அடிச்சுது. ஒரு உருண்டையை வாயில போட்டா. "நடுங்கு உடம்பே நடுங்கு! நீ நடுங்குற வரைக்கும் நான் இருக்கேன்!"

நடுமலையில பனிமழை. இன்னொரு உருண்டை. "நடுங்கு உடம்பே நடுங்கு! நீ நடுங்குற வரைக்கும் நான் இருக்கேன்!"

உச்சியில உறைஞ்ச ஏரி. மூணாவதையும் போட்டா. "நடுங்கு உடம்பே நடுங்கு!"

ஏரிக்கரை முழுக்கப் பனிச்சிலைங்க. ஐயோ, நடுவுல வாகையன்! ஆனா பாருங்க, எல்லார் முகத்திலயும் சிரிப்பு. போர்வையெல்லாம் காலடியில கிடக்கு. 'குளிர்ல சாகிறவன் போர்வையை உதறுவானா?'ன்னு அவளுக்கு உறுத்திச்சு.

அப்போ மந்திரக் கம்பளியைப் போர்த்திக்கிட்டு கூதலன் வந்தான். "ஏன் பொண்ணே நடுங்கறே? இந்த நீலக் குளிகையைப் போடு. குளிரே தெரியாது!"

அடப்பாவி! குளிர் அப்படியேதான் இருக்கும், ஆளுக்கு மட்டும் தெரியாது! இலவங்கிக்குப் பளிச்சுனு புரிஞ்சு போச்சு.

"குடுங்க சாமி. ஆனா எங்க ஊர்ல ஒரு வழக்கம். மருந்து குடுக்கிறவர் முதல்ல தான் தின்னு காட்டணும்."

"ப்பூ, இவ்வளவுதானா?" கம்பளி இருக்கிற தைரியத்துல ஒண்ணை முழுங்கினான்.

"கம்பளிக்குள்ள இருந்தா யாருக்குத்தான் குளிரும்? இதெல்லாம் ஒரு மருந்தாக்கும்!"னு சீண்டினா.

அவனுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. கம்பளியை வீசி எறிஞ்சான். "பார்த்தியா, குளிரலை!" முழங்கால் வரைக்கும் பனி ஏறிச்சு. "துளிகூடக் குளிரலை!" இடுப்பு வரைக்கும் ஏறிச்சு. "குளிரவே..." வாய் உறைஞ்சுது. ஆள் காலி!

இலவங்கி கம்பளியை எடுத்துப் புருஷனைச் சுத்தினா. கடைசி உருண்டையைக் கரைச்சு அவன் உதட்டுல தடவினா. சூரியன் மலைக்குள்ள இறங்குது. அவன் அசையலையே!

"மாமா! நடுங்கு மாமா, நடுங்கு!"

ஒரு விரல் நடுங்கிச்சு. கை நடுங்கிச்சு. உடம்பே உதறிச்சு. அந்த நடுக்கத்துல கூதலனோட மந்திரமே முறிஞ்சு, சுத்தி நின்ன சிலைங்களும் உருகி, அச்சு அச்சுன்னு தும்ம ஆரம்பிச்சுது.

"அடியே இலவங்கி... குளிருதுடி!"

"குளிரட்டும் மாமா, நல்லா குளிரட்டும்!" அவனை இறுக்கிக் கட்டிக்கிட்டு அப்போதான் அவ ஓன்னு அழுதா.

மலையிறங்குற வழியெல்லாம் அத்தனை பேரும் வெடவெடன்னு நடுங்கிக்கிட்டே வந்தாங்க. அவ்வளவு சந்தோஷமா ஒரு கூட்டம் நடுங்கி அந்த நாடு பார்த்ததே இல்லை. அவங்க நல்லா வாழ்ந்தாங்க, கேட்ட நாமளும் நல்லா இருப்போம்!