பம்புக்குப் பவுடர்

சொக்கநாதன் அண்ணாச்சிக்கு எந்த மெக்கானிக் மேலும் நம்பிக்கை கிடையாது. லோடு வேனின் டீசல் பம்பு ஒழுகியதும் வீட்டு வாசலிலேயே கழற்றித் துடைத்துத் தாமே மாட்டினார். அது முன்னைவிட அதிகமாக ஒழுகியது.

பழி டிரைவர் மாசானத்தின் தலையில் விழுந்தது.

"நீ விரட்டி விரட்டி ஓட்டித்தாம்லே பம்பு செத்துப்போச்சு. நான் காபி குடிச்சு முடிக்குமுன்ன ஒழுகுற இடத்தைக் காட்டு. இல்லைன்னா வேன் சாவியை வச்சிட்டு வீட்டுக்குப் போ."

பம்பு முழுக்க டீசல். எந்த இடத்தைக் காட்டுவது?

மாசானம் பழந்துணியால் பம்பை நன்றாகத் துடைத்தான். "இதுக்கு வேர்த்திருக்கு அண்ணாச்சி. உங்க பவுடர் டப்பா கிடைக்குமா?"

"எங்கிட்டயே நக்கலா?" என்று அவர் எகிறினார். அவர் மனைவி செண்பகம் சிரித்துக்கொண்டே உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தாள்.

மாசானம் பம்பு வெளுக்கப் பவுடரைத் தூவி, எஞ்சினை ஓடவிட்டான். வெள்ளையில் ஒரே ஒரு ஈரக்கோடு இறங்கியது. அது பம்பிலிருந்து வரவில்லை. மேலே டீசல் குழாயை இறுக்கும் போல்ட்டிலிருந்து வந்தது.

"பம்பு நல்லாத்தான் இருக்கு. அந்த போல்ட்டைக் கழட்டினா புது செம்பு வாஷர் போட்டுத்தான் இறுக்கணும். போட்டீங்களா?"

"போடாம இருப்பனா? நேத்தே வாங்கியாச்சுலே!"

"இதுவா பாருங்க" என்று செண்பகம் பிரிக்காத பொட்டலம் ஒன்றை நீட்டினாள். "பவுடர் டப்பாவுக்குப் பக்கத்துல கெடந்துச்சு."

அண்ணாச்சி காபியைக் கீழே வைத்தார். ஸ்பேனரை எடுத்து மாசானத்தின் கையில் கொடுத்தார்.

"சாவி உங்கிட்டயே இருக்கட்டும். அந்த டப்பாவை இங்க குடுலே, எனக்கும் வேர்க்குது."